என்ஜினை மாற்றுவது பற்றி

ஆகஸ்ட் 11

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீயும் அண்ணியும் எப்படி இருக்கிறீர்கள்? உன் முழங்கால் வலி தேவலையா? உன் மாப்பிள்ளைக்கு வழக்கம்போல முதுகுவலி, வழக்கம்போல அதற்கும் நான்தான் காரணம்.

நேரே விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் மெக்கானிக் எனக்குப் போன் செய்தார். நம் படகின் என்ஜினுக்குள்ளிருந்து டொக் டொக் என்று ஒரு சத்தம் வருகிறதாம். உள்ளே பேரிங் தேய்ந்துவிட்டது, இனி அந்தக் கிழட்டு என்ஜினைப் பிரித்துப் பூட்டிப் பிரயோஜனமில்லை, மாற்றித்தான் ஆகவேண்டும் என்கிறார். உன்னிடம் சொன்னதற்கு நீ சிரித்துவிட்டுப் போய்விட்டாயாம். "பாதிப் படகு உங்க பேர்ல இருக்கும்மா, நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க" என்றார்.

நான் வேலை பார்ப்பது பம்ப் ஹவுஸில். நாள் முழுக்க மோட்டார்களோடுதான் குடித்தனம். அந்தச் சத்தம் எங்கே கொண்டுபோய் விடும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஒருநாள் என்ஜின் அப்படியே இறுகி நின்றுவிடும். கரையோரம் நின்றால் கயிறு போட்டு இழுக்கலாம். முகத்துவாரத்தின் நடுவில் நின்றால்? அங்கே நீரோட்டம் படகைப் பாறைத் திட்டுக்குத்தான் கொண்டுபோகும். காலையில் தீவிலிருந்து வருகிறவர்கள் யார் யார் என்று யோசித்துப் பார். பாதிப்பேர் பள்ளிக்கூடப் பிள்ளைகள், மீதிப்பேர் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள்.

புது என்ஜின் வாங்குவதில் என் பங்கை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ சரி என்று சொன்னால் போதும். போனில் கூப்பிட்டால் நீ வருவதே இல்லை. ஒரு தடவை படகில் இருக்கிறாய், ஒரு தடவை தூங்குகிறாய், மற்ற நேரமெல்லாம் குளிக்கிறாய் என்று அண்ணி சொல்கிறாள். ஒரு மனிதன் இவ்வளவு குளிப்பானா?

உடனே பதில் போடு.

உன் தங்கை,
சின்னு

*

ஆகஸ்ட் 24

அன்புள்ள சின்னுவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் சௌக்கியம். முழங்கால் என்னோடுதான் இருக்கிறது, வலியும் அதனோடு இருக்கிறது. மாப்பிள்ளையைக் குனிந்து எதையும் தூக்க வேண்டாம் என்று சொல். உன்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மெக்கானிக் சொன்னதைக் கேட்டு நீ ஏன் இந்தக் குதி குதிக்கிறாய்? புது என்ஜின் ஒன்றை யார் தலையிலாவது கட்டினால் கடைக்காரன் அவனுக்கு ஏதாவது கொடுப்பான். என் தலை கனமென்று உன் தலையைப் பிடித்திருக்கிறான். என்ஜின் நன்றாக ஓடுகிறது. சத்தம் ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. காலையில் ஒரே சுற்றில் பிடித்துக்கொள்கிறது, புகை இல்லை, சூடு ஏறவில்லை. வேறென்ன வேண்டும்?

போன் விஷயம். இங்கே சிக்னல் ஒழுங்காகக் கிடைப்பதில்லை. நீ ஒன்று சொல்ல, எனக்கு ஒன்று விளங்க, வீண் சண்டை வரும். இப்படி எழுதினால் நிதானமாகப் படிக்கலாம், பதிலும் யோசித்துச் சொல்லலாம். நீ கடிதமே எழுது.

உன் அண்ணி இப்போதெல்லாம் என்னோடு படகில் வருகிறாள். டிக்கெட் அவள் பொறுப்பு. வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்க அலுப்பாக இருக்கிறதாம். தினமும் படகில் வரும் கணக்கு டீச்சருக்கும் அவளுக்கும் போகும்போதும் பேச்சு, வரும்போதும் பேச்சு.

உன் அண்ணன்

*

செப்டம்பர் 5

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம், நலமே விழைகிறேன். அண்ணி படகில் வருவது எனக்கு ஆச்சரியம். தண்ணீரைக் கண்டால் தலைசுற்றும் என்று கல்யாணமான புதிதில் கரையிலேயே நின்றவள் ஆயிற்றே. எல்லாச் சவாரிக்குமா வருகிறாள்?

மெக்கானிக் பேராசைக்காரர் என்றே வைத்துக்கொள்வோம். அவரை விட்டுவிடு. நீயே ஒன்று செய். என்ஜினை ஓடவிட்டு, நீளமான ஸ்க்ரூடிரைவர் ஒன்றை எடுத்து, நுனியை என்ஜின் உடம்பில் ஊன்றிக்கொண்டு, கைப்பிடியைக் காதில் வை. நாம் எப்போதும் செய்வதுதான். ஒவ்வொரு சிலிண்டராக வைத்துப் பார். வேகத்தைக் குறைக்கும்போது டொக் டொக் அதிகமாகிறதா, ஆள் நிறைய ஏறும்போதா? எந்தச் சிலிண்டர் பக்கம்? கேட்டதை அப்படியே எழுது. நீ எழுதுவதை வைத்தே பேரிங்கா இல்லையா என்று நான் சொல்லிவிடுவேன்.

எதற்கும் இருக்கட்டும் என்று இங்கே விசாரித்து வைத்திருக்கிறேன். என்ஜினை மாற்றினால் படகோட்டிக்கும் புதிதாகப் பரிசோதனை உண்டாம். கண், காது பார்ப்பார்கள், அப்புறம் அதிகாரி ஏறி உட்கார்ந்துகொண்டு படகை ஓட்டிக்காட்டச் சொல்வார். உனக்கு அதெல்லாம் ஒரு பொருட்டா? தூக்கத்தில்கூட ஓட்டுவாய். அதனால் அந்தச் சாக்கும் செல்லாது.

பதிலை ஆறப்போடாதே.

உன் தங்கை,
சின்னு

*

செப்டம்பர் 29

அன்புள்ள சின்னுவுக்கு,

சௌக்கியம். வேலை அதிகம், அதனால் தாமதம்.

ஆயில் பிரஷர் பார்த்தேன், சரியாக இருக்கிறது. ஆயிலை இறக்கி விரலால் தேய்த்துப் பார்த்தேன், இரும்புத்தூள் பெரிதாக ஒன்றும் இல்லை. கையை வைத்துச் சூடு பார்த்தேன். வால்வு இடைவெளியைச் சரிசெய்தேன். பெல்ட் புதிது போட்டிருக்கிறேன். இன்னும் ஐந்தாறு வருடம் தாராளமாக ஓடும்.

நீ அங்கே விசிறிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு இங்கே இருக்கிற என்ஜினுக்கு வைத்தியம் பார்க்காதே. புது என்ஜின்களைப் பற்றி உனக்கு என்ன தெரியும்? அவற்றை ரப்பர் கட்டைமேல் உட்கார வைக்கிறார்கள். ஓடுகிறதா நிற்கிறதா என்றே தெரியாது. அப்படி ஒன்றை நம்பி நான் முகத்துவாரத்தைக் கடக்க மாட்டேன்.

பரிசோதனை, அதிகாரி என்றெல்லாம் எழுதியிருக்கிறாய். இத்தனை வருடம் ஓட்டியவன் இன்னொருவன் முன்னால் போய்ப் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நிற்க வேண்டுமா? எனக்கு அந்த அவசியம் இல்லை.

பிப்ரவரியில் படகுக்கு அனுமதி புதுப்பிக்க வேண்டும். வருடா வருடம் போடுவதுபோல் உன் கையெழுத்தைப் போட்டு அனுப்பிவிடு. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

உன் அண்ணன்

*

அக்டோபர் 10

அண்ணா,

நலம். உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நான் கேட்டது ஒன்று. நீ எழுதியது ஒன்பது. ஸ்க்ரூடிரைவரை வைத்துக் கேட்டாயா இல்லையா என்று ஒரு வார்த்தை அதில் இல்லை. நான் சொல்வது எதையுமே நீ காதில் போட்டுக்கொள்வதில்லை.

உனக்குக் கோபம் வந்தால் நான் அடங்கிவிடுவேன் என்று நினைக்கிறாய். இந்தத் தடவை இல்லை. பழைய என்ஜினோடு அனுமதி புதுப்பிக்க நான் கையெழுத்துப் போட மாட்டேன். பாதிப் படகு என்னுடையது என்றால் அதில் ஏறுகிறவர்களின் உயிரில் பாதிப் பொறுப்பும் என்னுடையதுதான். ராத்திரி படுத்தால் அந்தப் பாறைத் திட்டுதான் கண்ணுக்குள் நிற்கிறது.

ஒன்று, சத்தம் இல்லை என்று நீ கேட்டுவிட்டு எழுது. இல்லையென்றால் புது என்ஜினுக்குச் சம்மதி.

சின்னு

*

டிசம்பர் 1

அன்புள்ள சின்னுவுக்கு அண்ணி எழுதிக்கொள்வது. நலம், உங்கள் நலம் அறிய ஆவல்.

உன் கடைசிக் கடிதத்துக்கு உன் அண்ணன் பதில் எழுதவில்லை என்று எனக்குத் தெரியும். எழுத உட்காருவார், காகிதத்தைக் கிழிப்பார், எழுந்து போய்விடுவார். இதை நான் எழுதுவது அவருக்குத் தெரியாது. தெரிந்தால் என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்.

நீ கோபப்படுவது நியாயம்தான். ஆனால் கொஞ்சம் விட்டுக்கொடு. அவருக்கு வேறு வேலை தெரியாது. படகை விட்டு இறங்கினால் மூலையில் உட்கார்ந்துவிடுவார். அப்புறம் அவரை எழுப்ப யாராலும் ஆகாது. என்ஜினுக்கு நீ பயப்படாதே. நான் கூடவே இருக்கிறேன். காலைச் சவாரி முதல் கடைசிச் சவாரி வரை அவர் பக்கத்தை விட்டு நகர்வதில்லை.

போன மாதம் எனக்குக் கடுமையான காய்ச்சல். எழுந்திருக்க முடியவில்லை. என்னை வீட்டில் படுக்கவைத்துவிட்டு அவர் தனியாகத்தான் போனார். மூடுபனி வேறு. நல்லபடியாகப் போய்த் திரும்பிவிட்டார். ஒன்றும் ஆகவில்லை. அதற்கப்புறம் காய்ச்சலோ தலைவலியோ, நான் போகாமல் இருந்ததில்லை.

கையெழுத்தைப் போட்டு அனுப்பிவிடம்மா. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். அவரைப் பரிசோதனைக்கு மட்டும் இழுத்துவிடாதே.

உன் அண்ணி

*

டிசம்பர் 19

அன்புள்ள அண்ணாவுக்கு,

இந்தக் கடிதத்தைத் தனியாக இருக்கும்போது படி.

நான் வந்திருந்தேன். போன வாரம், உன்னிடம் சொல்லாமல். உன் மாப்பிள்ளையிடம் ஆபீஸ் வேலை என்று சொல்லிவிட்டு வந்தேன். அண்ணி எழுதிய கடிதத்தில் 'ஒன்றும் ஆகவில்லை' என்ற ஒரு வரி இருந்தது. ஒன்றும் ஆகாததை யாரும் எழுத மாட்டார்கள். அதுதான் என்னை ரயில் ஏற வைத்தது. அவளைக் கோபிக்காதே.

முதலில் கணக்கு டீச்சர் வீட்டுக்குப் போனேன். அவர் சொல்லத் தயங்கினார். நான் விடவில்லை. அன்றைக்குப் பனியில் எதிரே மணல் படகு ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே வந்ததாம். படகிலிருந்த எல்லோருக்கும் கேட்டிருக்கிறது. சின்னப் பிள்ளைகள்கூடக் கத்தியிருக்கிறார்கள். நீ அசையவில்லை. டீச்சர் ஓடிவந்து உன் சட்டையைப் பிடித்து இழுத்த பிறகுதான் சுக்கானைத் திருப்பினாயாம். மணல் படகு கைக்கெட்டும் தூரத்தில் போயிற்றாம். "அண்ணன் ஏதோ யோசனையில இருந்துட்டார் போல" என்றார் டீச்சர். அவர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

மறுநாள் காலை தலையை மூடிக்கொண்டு கூட்டத்தோடு கூட்டமாக உன் படகில் ஏறினேன். என்ஜின் சத்தம் எனக்கு நடுப்பெஞ்சிலேயே கேட்டது. மெக்கானிக் பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு அடியும் என் பல்லில் விழுந்தது. பக்கத்தில் ஒரு அம்மா பிள்ளையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். நீ மட்டும் நிம்மதியாக நின்றுகொண்டிருந்தாய்.

அண்ணி உன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். டிக்கெட் கொடுத்து முடித்ததும் அவள் கை உன் முதுகுக்குப் போயிற்று. இடப்பக்கமிருந்து மீன்படகு ஹாரன் அடித்தது. அவள் உன் இடது தோளைத் தட்டினாள். நீ திரும்பிப் பார்த்து வழிவிட்டாய். இரண்டு பேரும் எவ்வளவு பழகியிருக்கிறீர்கள். வேறு யாராவது பார்த்தால் புருஷன் பெண்டாட்டி கொஞ்சிக்கொள்கிறார்கள் என்று நினைத்திருப்பார்கள்.

நான் எழுந்து உன் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றேன். அண்ணா என்று கூப்பிட்டேன். மறுபடி கூப்பிட்டேன். அப்புறம் சின்ன வயதில் கரையிலிருந்து கத்துவேனே, அப்படிக் கத்தினேன். படகிலிருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணி திரும்பினாள். என்னைக் கண்டதும் அவள் முகம் வெளுத்துப்போயிற்று. உதட்டில் விரல் வைத்து வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். நீ திரும்பவில்லை.

துறை வந்ததும் இறங்கிப் போய்விட்டேன். அத்தனை பேர் முன்னால் உன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

எவ்வளவு நாளாக, அண்ணா? ஏன் என்னிடம் சொல்லவில்லை? என்ஜினைப் பற்றி இனி நான் எதுவும் கேட்கப்போவதில்லை. இதற்கு மட்டும் பதில் சொல். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் சின்னு

*

ஜனவரி 8

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதே வாசலுக்குப் போய்விடுகிறேன். மின்சார பில் வருகிறது, உன் கடிதம் வருவதில்லை. அண்ணிக்குப் போன் செய்தால் அவளும் எடுப்பதில்லை.

நான் யாரிடமும் சொல்லவில்லை. உன் மாப்பிள்ளையிடம்கூட. ஆனால் தினமும் காலையில் முதல் சவாரி கிளம்பும் நேரத்துக்கு என் கை வேலை செய்ய மாட்டேன் என்கிறது. அந்த நேரம் கழிந்து, யாரும் எனக்குப் போன் செய்யாமல் இருந்தால்தான் மூச்சு வருகிறது.

திட்டியாவது எழுது.

சின்னு

*

ஜனவரி 21

சின்னு,

திட்டியாவது எழுது என்றாய். சரி.

என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றாயே, என் தோளைத் தொட உனக்கு ஒரு கை இல்லையா? கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போக நீ என்ன பரிசோதனை அதிகாரியா? எத்தனை வருடம் கழித்து வந்தாய். என் பின்னால் ஒரு முழம் தள்ளி நின்றிருக்கிறாய். நான் உன்னைப் பார்க்கவில்லை. உன் கடிதத்தைப் படித்துவிட்டு நான் அழுதது அதற்காகத்தான், காதுக்காக இல்லை. காதுக்கு அழுது முடித்து வெகுநாளாயிற்று.

முந்தின வருடம் மழைக்கு முன்பே குறைய ஆரம்பித்தது. முதலில் பறவைகள் போயின. அப்புறம் பெண்கள் குரல். டாக்டரிடம் போனேன். இத்தனை காலம் என்ஜின் பக்கத்தில் நின்றதன் விளைவு, இனி திரும்பாது என்றார். இப்போது எதிரில் நின்று பேசினால் உதட்டைப் பார்த்துச் சமாளிப்பேன். உன் அண்ணியின் உதடு எனக்கு அச்சடித்த எழுத்து மாதிரி. மற்றவர்கள் பேசும்போது சிரித்து வைப்பேன். மெக்கானிக் சொன்னபோதும் அப்படிச் சிரித்ததுதான்.

நீ கேட்டாயே, ஸ்க்ரூடிரைவர். வைத்துப் பார்த்தேன். எல்லாச் சிலிண்டரிலும் வைத்தேன். காதுக்குள் குத்திக்கொள்ளுமளவு அழுத்திப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அதை உனக்கு எப்படி எழுதுவேன்?

அந்த என்ஜினை நான் ஏன் பிடித்துக்கொண்டு தொங்கினேன் என்று இப்போது புரியும். அது படகோடு சேர்த்து இறுக்கிப் பூட்டியது. ஓடும்போது பலகை அதிரும். செருப்பைக் கழற்றிவிட்டு நின்றால் வேகம், பாரம், எதிர்நீரோட்டம் எல்லாம் எனக்கு உள்ளங்காலில் தெரியும். புதியது அப்படி இல்லை. அதைப் போட்டால் அந்தப் படகில் நான் வெறும் ஆள். அதோடு பரிசோதனை வேறு.

ஆனால் அது சாகக் கிடக்கிறது என்பது எனக்கும் இப்போது தெரியும். போன வாரம் அதிர்வே மாறிவிட்டது. அதனால் புது என்ஜினுக்குச் சம்மதித்துவிட்டேன். விண்ணப்பம் இதோடு இருக்கிறது, கையெழுத்துப் போட்டு அனுப்பு. நீ ஜெயித்தாய்.

பரிசோதனைக்கு உன் அண்ணி ஒரு வழி வைத்திருக்கிறாள். விசாரித்துவிட்டாள். மருத்துவர் பின்னால் நின்று கையிலுள்ள தாளைப் பார்த்து மெதுவாக ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்வார், நாம் திருப்பிச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். இவள் எதிரே பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்து சத்தமில்லாமல் வாயசைப்பாள். தேறிவிடுவேன். அப்புறம் இதுவரை ஓட்டியதுபோல் இரண்டு பேருமாக ஓட்டிக்கொள்வோம். புது என்ஜின் நடுவில் நிற்காது, உன் பயமும் தீர்ந்தது.

நீ கண்டுகொள்ளாமல் மட்டும் இரு.

அண்ணன்

*

பிப்ரவரி 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதம் வந்தது. நீ திட்டியது அத்தனையும் எனக்கு வேண்டும். தொட்டிருக்க வேண்டும். அது இனி ஆயுளுக்கும் என்னை உறுத்தும்.

கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன்.

கண்டுகொள்ளாமல் இரு என்கிறாய். யாரிடமும் போய்ச் சொல்ல மாட்டேன். உன்னைக் காட்டிக்கொடுக்க என்னால் முடியாது. அது சரியா தப்பா என்று எனக்கே தெரியவில்லை. பேனாவை எடுத்து அதிகாரிக்கு எழுத ஆரம்பித்தேன், அன்புள்ள ஐயா என்பதைத் தாண்டவில்லை. நாளைக்கு ஏதாவது நடந்தால் நானும் குற்றவாளிதான். தெரிந்தேதான் இருக்கிறேன்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். என்ஜினைப் பற்றி இல்லை. அண்ணிக்கு மறுபடியும் காய்ச்சல் வந்தால் என்ன செய்வாய்? போகாதே என்று அவள் சொல்ல மாட்டாள். எழுந்து வருவாள். தண்ணீரைக் கண்டால் பயப்படுகிறவள் கடைசிவரை அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருப்பாள், தும்மக்கூட யோசித்துக்கொண்டு. அவளிடம் நீ எப்போதாவது கேட்டாயா?

எந்த முடிவு எடுத்தாலும் நீ என் அண்ணன்தான். பரிசோதனை முடிந்ததும் எழுது. இரண்டு பேரும் வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

உன் சின்னு

*

பிப்ரவரி 20

அன்புள்ள சின்னுவுக்கு,

நாங்கள் சௌக்கியம். மாப்பிள்ளையின் முதுகு எப்படி இருக்கிறது?

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். பழைய என்ஜினைக் கப்பி கட்டித் தூக்கிவிட்டார்கள். புதியது உட்கார்ந்துவிட்டது. மெக்கானிக்கின் மைத்துனர் அடுத்த வாரத்திலிருந்து படகை ஓட்டுவார். நம்பலாம், நிதானமான ஆள். நான் துறையில் படகைக் கயிற்றால் கட்டி ஆட்களை ஏற்றி இறக்குவேன். இனிமேல் சுக்கான் பிடிக்க எனக்கு அனுமதி இல்லை.

பரிசோதனையில் என்ன நடந்தது என்று உன் அண்ணி எழுத மாட்டாள், நானே எழுதுகிறேன்.

கண்ணில் குறையில்லை என்றார்கள். அப்புறம் காதுப் பரிசோதனைக்கு உள்ளறையில் என்னை ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். மருத்துவர் எனக்குப் பின்னால் போய் நின்றார். சின்ன வயதுக்காரர், மரியாதையான பிள்ளை. எதிர்ச் சுவரோரம் பெஞ்சில் உன் அண்ணி, மடியில் என் பை. அவளை யாரும் வெளியே போகச் சொல்லவில்லை.

அவள் உதடு அசைந்தது. மரம் என்றேன். அடுத்தது பாலம். சொன்னேன். சரியாகத்தான் சொல்லியிருக்கிறேன், அவள் முகத்தில் தெரிந்தது. மூன்றாவதாக என்ன சொன்னாரோ, வாயசைப்பதற்கு முன்னால் அவள் உதட்டை நாக்கால் ஈரப்படுத்திக்கொண்டாள். பையின் வாரை இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டிருந்தாள். விரலெல்லாம் வெளுத்திருந்தது. படகில் அவள் எனக்குப் பக்கவாட்டில்தான் உட்காருவாள். நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இவ்வளவு நாளும் அந்த ஸ்டூலில் அவள் எந்த முகத்தோடு உட்கார்ந்திருந்தாள் என்பதை அன்றைக்குத்தான் நேருக்கு நேர் பார்த்தேன்.

நீ கேட்ட கேள்வியை நான் அவளிடம் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் அவள் உண்மையைச் சொல்லியிருக்க மாட்டாள்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

மருத்துவர் சொல்லிக்கொண்டே இருந்திருப்பார். நான் கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து யாரோ என் தோளைத் தொட்டார்கள். திறந்து பார்த்தேன், மருத்துவர்தான். "கேக்கலீங்களா?" என்று உதடு அசைந்தது. "இல்லைங்க, கேக்கல" என்று சொன்னேன். அந்த வார்த்தையை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

உன் அண்ணி முகத்தைப் பைக்குள் புதைத்துக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. பக்கத்து அறையிலிருந்து இரண்டு பேர் எழுந்து வந்து வாசலில் நின்றார்கள். சத்தமாகத்தான் அழுதிருப்பாள்.

உன் அண்ணன்